தெரிவதும் தெரியாததும்
பிரெடெரிக் பஸ்தியாவின் வாழ்வும் அவர் கற்பித்த பாடமும்

பொருளியல் என்ற சொல்லைக் கேட்டதும், அது படித்தவர்களின் விடயம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒதுங்கிக் கொள்வோர் பலர். அட்டவணைகளும் எண்களும் நிறைந்த அந்தத் துறையை, ஒரு கமக்காரரும் ஒரு சப்பாத்துத் தைப்பவரும் வாசித்துச் சிரிக்கவும் சிந்திக்கவும் கூடிய சிறு கதைகளாக எழுதியவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சில் வாழ்ந்தார். அவர் பெயர் பிரெடெரிக் பஸ்தியா. அங்கத எழுத்தாளர், பொருளியலாளர், பாராளுமன்ற உறுப்பினர் என்று மூன்று வகையிலும் அவரை இன்று நினைவுகூருகின்றனர்.

பஸ்தியா வாழ்ந்தது 49 ஆண்டுகள் மட்டுமே. அவற்றுள் முதல் 43 ஆண்டுகளில் அவரைத் தமது மாவட்டத்துக்கு வெளியே அறிந்தவர் மிகச் சிலர். எஞ்சிய ஆறு ஆண்டுகளில், அதுவும் கசநோயுடன் போராடிக்கொண்டு, அவர் எழுதியவையே இன்றும் பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. அவர் எழுதியவற்றின் சாரத்தை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம். ஒரு சட்டமோ, திட்டமோ, வரியோ வரும்போது அதனால் நன்மை பெறுபவர் நம் கண்முன்னே நிற்கிறார். அதற்கான செலவைச் சுமப்பவர் எங்கே நிற்கிறார்? அந்தக் கேள்வி எவ்வாறு பிறந்தது, அதைக் கொண்டு அவர் என்ன செய்தார், அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

துறைமுகத்தில் ஒரு சிறுவன்

பஸ்தியா 1801ஆம் ஆண்டு யூன் மாதம் பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்கு அருகேயுள்ள பயோன் என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை வணிகர். 1808இல் தாயும் 1810இல் தந்தையும் இறந்துவிட, ஒன்பது வயதிலேயே அவர் அநாதையானார். தந்தைவழிப் பாட்டனாரும் மாமியும் அவரை முக்ரோன் என்ற சிற்றூரில் வைத்து வளர்த்தனர். சோறேஸ் என்ற ஊரிலிருந்த புகழ்பெற்ற பாடசாலையில் சில ஆண்டுகள் படித்தார். ஆங்கிலம், ஸ்பானியம், இத்தாலியம் ஆகிய மொழிகளை அங்கே கற்றார். ஆனால் இறுதிப் பரீட்சையை எழுதாமலே 17 வயதில் வெளியேறி, பயோனில் சிறிய தந்தையின் வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வேலையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நெப்போலியன் காலத்துப் போர்களும், போர்கள் முடிந்தபின் அரசு விதித்த உயர்ந்த சுங்கத் தீர்வைகளும் பயோன் துறைமுகத்தை நலிவடையச் செய்திருந்தன. பண்டகசாலைகள் வெறுமையாகக் கிடந்தன. கப்பல்கள் குறைந்தன. சுமை தூக்குவோரும் படகோட்டிகளும் வேலையின்றி நின்றனர். அரசின் சட்டமோ உள்நாட்டுக் கைத்தொழிலைக் காப்பதற்காகவே செய்யப்பட்டது என்று கூறப்பட்டது. பாதுகாக்கப்பட்ட இரும்புருக்காலை பத்திரிகையில் புகழப்பட்டது. வேலையிழந்த படகோட்டியைப் பற்றி எவரும் எழுதவில்லை. பிற்காலத்தில் அவர் எழுப்பிய கேள்வியின் வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

நிலமும் நீதவான் பதவியும்

1825இல் பாட்டனார் இறக்க, முக்ரோனிலிருந்த குடும்ப நிலங்கள் 24 வயதுப் பஸ்தியாவின் கைக்கு வந்தன. அவர் வணிகத்தை விட்டு ஊருக்குத் திரும்பினார். அந்நிலங்களை வாரக் குடிகள் பயிரிட்டு விளைவில் ஒரு பங்கை நிலக்காரருக்குக் கொடுத்து வந்தனர். பயிர்ச் சுழற்சி முதலிய புதிய முறைகளைப் புகுத்தப் பஸ்தியா முயன்றார். முயற்சி பெரிதாகப் பலன் தரவில்லை. பழைய முறையில் பட்டினி கிடக்காமல் வாழ்ந்துவிடலாம் என்று அறிந்த குடியானவர், தவறினால் பட்டினி என்ற புதிய முறைக்கு எளிதில் இணங்குவதில்லை. கிராமப் பணியில் ஈடுபட்டோர் எல்லோரும் அறிந்த உண்மை இது.

1831இல் அவர் முக்ரோன் பகுதியின் சமாதான நீதவானாக நியமிக்கப்பட்டார். எல்லைத் தகராறு, கடன் தகராறு, கூலித் தகராறு போன்ற சிறு வழக்குகளை விசாரித்து இணக்கம் காண்பதே இப்பதவியின் வேலை. 1833இல் லாந்து மாவட்டச் சபைக்கும் தெரிவானார். ஓய்வு நேரங்களில் பக்கத்து நிலக்காரரும் நண்பருமான பெலிக்ஸ் கூத்ருவாவுடன் சேர்ந்து புத்தகங்களைப் படித்து விவாதித்தார். ஒருவர் வாசித்த நூலின் சாரத்தை மற்றவருக்குச் சொல்வார், மற்றவர் மறுப்பார். இந்தப் படிப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. அடம் சிமித், சே ஆகிய பொருளியலாளரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றது இக்காலத்திலேயே. ஒரு சிற்றூரில் இரண்டு பேர் மட்டும் கொண்ட படிப்பு வட்டம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

முந்திரிகைத் தோட்டக்காரரின் கணக்கு

பஸ்தியாவின் மாவட்டத்தில் முந்திரிகைத் தோட்டங்கள் முக்கியமானவை. அங்கு உற்பத்தியான வைன் வெளிநாடுகளில் விற்கப்பட்டது. 1841இல் வைன் மீதான வரிகளை அரசு கூட்ட முனைந்தபோது அவர் அதனை எதிர்த்து எழுதினார். 1843இல் முந்திரிகைப் பயிர்ச்செய்கையின் நெருக்கடி பற்றி விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்தார். தோட்டக்காரர் எவ்வாறு நசுக்கப்பட்டனர் என்பதை அவர் படிப்படியாக விளக்கினார்.

முதலாவது, உள்நாட்டில் வைனுக்கு வரி. இரண்டாவது, பிறநாட்டு இரும்புக்கும் துணிக்கும் பிரான்ஸ் உயர்ந்த தீர்வை விதித்ததால், தோட்டக்காரர் தமது கருவிக்கும் உடைக்கும் கூடிய விலை கொடுத்தார். மூன்றாவது, பிரான்சுக்குத் தமது பொருளை விற்க முடியாத நாடுகள் பிரெஞ்சு வைனை வாங்கும் வழியையும் இழந்தன. சில நாடுகள் பதிலுக்குத் தாமும் தீர்வையை உயர்த்தின. இவ்வாறு வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது ஒரு முறையும் அதே கமக்காரர் தண்டம் கட்டினார்.

இத்தகைய சட்டம் எப்படி நிலைத்து நின்றது? அக்காலத்தில் பிரான்சின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றரைக் கோடி. ஆண்டுக்கு 200 பிராங் நேர்வரி கட்டுபவருக்கு மட்டுமே பொதுவாக வாக்குரிமை இருந்தது. அவ்வாறு வாக்களிக்கத் தகுதி பெற்றோர் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவானோர். பெரும் நிலக்காரரும் கைத்தொழில் முதலாளிமாரும் அவர்களுள் செல்வாக்குப் பெற்றிருந்தனர். தீர்வையால் இலாபம் பெற்றவர் சட்டசபையில் இருந்தார். அதைக் கட்டியவர் வயலில் இருந்தார். முன்னவர் சிலராகையால் ஒன்றுசேர்வது எளிது. பின்னவர் பல இலட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் ஏற்படும் இழப்பு சில பிராங்குகளே ஆகையால் அதற்காக எவரும் பாரிசுக்குப் பயணம் போகமாட்டார்.

ஒரு பத்திரிகைச் செய்தி திறந்த கதவு

பஸ்தியாவை உலகறியச் செய்தது ஒரு சிறு சந்தேகம் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். முக்ரோனில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் கழகமொன்று இருந்தது. பிரித்தானியப் பிரதமர் றொபேட் பீல் பிரான்சை இழிவாகப் பேசியதாக ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்த செய்தி அங்கே ஒருநாள் கோபத்தைக் கிளப்பியது. பஸ்தியா அதனை அப்படியே நம்பவில்லை. ஆங்கிலப் பத்திரிகையொன்றுக்குச் சந்தா கட்டி மூலப் பேச்சை வரவழைத்துப் பார்த்தார். பிரான்சை இழிவுபடுத்தும் சொற்கள் மூலத்தில் இல்லை; மொழிபெயர்ப்பில் சேர்க்கப்பட்டிருந்தன.

ஆனால் அந்தப் பத்திரிகை வேறொரு பெரிய செய்தியையும் அவருக்குக் கொண்டுவந்தது. 1815இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட தானியச் சட்டங்கள் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து, பாணின் விலையை உயர்த்தி, நிலப்பிரபுக்களுக்கு இலாபம் தந்துகொண்டிருந்தன. அவற்றை நீக்கும்படி மன்செஸ்டர் நகரில் றிச்சட் கொப்டன் முதலியோர் ஒரு பேரியக்கத்தை நடத்திக்கொண்டிருந்தனர். பல்லாயிரம் மக்கள் கூடும் கூட்டங்கள், துண்டுப் பிரசுரங்கள், நிதி சேகரிப்பு எனப் பரவிய அந்த அமைதியான இயக்கத்தைப் பற்றிப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் பெரும்பாலும் மௌனம் சாதித்தன.

1844இல் பிரெஞ்சு, ஆங்கிலத் தீர்வைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, முன்பின் அறியாத ஒரு பாரிஸ் பொருளியல் இதழுக்கு அனுப்பினார். அது வெளியானதும் இந்தச் சிற்றூர் நீதவான் யார் என்று தலைநகரம் கேட்டது. மறு ஆண்டு கொப்டனின் இயக்கம் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து சென்று கொப்டனைச் சந்தித்தார். 1846இல் இங்கிலாந்தின் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு பஸ்தியா போர்தோ நகரிலும் பின்னர் பாரிசிலும் கட்டற்ற வணிகச் சங்கங்கள் அமைவதற்கு உழைத்து, ஒரு வாரப் பத்திரிகையையும் நடத்தினார்.

சூரியனுக்கு எதிராக ஒரு மனு

இக்காலத்தில் அவர் எழுதிய சிறு கட்டுரைகளே அவருக்கு அழியாப் புகழ் தந்தன. எதிராளியின் வாதத்தை ஏற்றுக்கொண்டதுபோல் நடித்து, அதன் கடைசி எல்லைவரை நடத்திச் சென்று, அது தானாகவே விழும்படி செய்வது அவரது அங்கத முறை. 1845இல் அவர் எழுதிய மெழுகுதிரிக்காரரின் மனு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

மெழுகுதிரி, விளக்கு, எண்ணெய் ஆகியவற்றை உற்பத்தி செய்வோர் சட்டசபைக்கு ஒரு மனுக் கொடுக்கின்றனர். ஓர் அந்நியப் போட்டியாளர் நாட்டின் வெளிச்சச் சந்தையை அநியாயமாகக் கைப்பற்றிவிட்டாராம். அவர் வரும் நேரத்தில் இவர்களுடைய வியாபாரம் முழுவதும் நின்றுவிடுகிறதாம். அந்தப் போட்டியாளர் வேறு யாருமல்ல, சூரியன்! ஆகையால் எல்லா யன்னல்களையும், சாளரங்களையும், சுவரிலுள்ள ஓட்டைகளையும்கூட அடைத்துவிடும்படி சட்டம் இயற்றவேண்டும் என்று கேட்கின்றனர். அதனால் நாட்டுக்கு வரும் நன்மைகளையும் வரிசைப்படுத்துகின்றனர். மெழுகுதிரிக்குக் கொழுப்பு வேண்டும், ஆகவே ஆடு மாடுகள் பெருகும். இறைச்சியும் தோலும் எருவும் கிடைக்கும். விளக்குக்கு எண்ணெய் வேண்டும், ஆகவே எண்ணெய்ப் பயிர்கள் பெருகும். திமிங்கில எண்ணெய்க்காகக் கப்பல்கள் பெருகும். மூடுபனி நிறைந்த இங்கிலாந்திடம் மட்டும் சூரியன் தயவு காட்டுவதால், இது அந்த நாட்டின் சதியாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தையும் போட்டுவைக்கின்றனர்.

சிரிப்பு அடங்கியதும் கேள்வி எஞ்சி நிற்கிறது. லிஸ்பனில் இயற்கையான வெப்பத்தில் விளையும் தோடம்பழம், செயற்கையாகச் சூடேற்றி வளர்க்கப்படும் பாரிஸ் தோடம்பழத்தைவிட மலிவானது. அதன் விலையில் ஒரு பகுதியை இயற்கை இலவசமாகத் தருகிறது. பகுதி இலவசமாக வருவதைத் தடுப்பது நியாயமென்றால், முழுவதும் இலவசமாக வரும் பகல் வெளிச்சத்தைத் தடுப்பது இன்னும் நியாயமல்லவா? உழைப்பு மிகுவதே செல்வம் என்று எண்ணுவோர் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரவேண்டும். உழைப்பின் பயன் மிகுவதே செல்வம் என்பது பஸ்தியாவின் வாதம்.

மற்றொரு கட்டுரையில், பாரிசிலிருந்து ஸ்பெயின் செல்லும் புகையிரதப் பாதையைப் போர்தோ நகரில் முறித்துவிட்டால் சுமை தூக்குவோர்க்கும் விடுதிக்காரர்க்கும் வேலை கிடைக்கும் என்று கூறப்பட்ட யோசனையை எடுத்துக்கொண்டார். போர்தோவுக்கு நன்மையென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு நகருக்கும் அதே நன்மை வேண்டுமல்லவா? அப்படியே எல்லா இடத்திலும் பாதையை முறித்துக்கொண்டு போனால் இறுதியில் எஞ்சுவது முறிவுகளால் மட்டுமே ஆன ஒரு புகையிரதப் பாதை என்று முடித்தார்.

உடைந்த யன்னல்

பஸ்தியாவின் மிகச் சிறந்த படைப்பு 1850 யூலையில் வெளியான ‘தெரிவதும் தெரியாததும்’ என்ற சிறு நூல். வீடு மாறியபோது அதன் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோயிற்று. மீண்டும் எழுதினார். எழுதியது சுவையற்றிருப்பதாகக் கருதி நெருப்பிலிட்டார். மூன்றாம் முறை எழுதியதே அச்சாயிற்று. சாதாரண வாசகரை அவர் எவ்வளவு மதித்தார் என்பதை இது காட்டுகிறது.

அதன் முதற் கதை பின்வருமாறு அமைகிறது. ஜாக் என்ற எளிய மனிதரின் மகன் ஒரு யன்னற் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடியவர்கள் ஆறுதல் கூறுகின்றனர்: கண்ணாடி உடையாவிட்டால் கண்ணாடி போடுபவர் எப்படிப் பிழைப்பார்? கண்ணாடிக்கு ஆறு பிராங் செலவாகிறது. அந்த ஆறு பிராங் கண்ணாடிக்காரரின் கைக்குப் போவதை எல்லோரும் பார்க்கின்றனர். அது தெரிவது.

தெரியாதது என்ன? கண்ணாடி உடையாதிருந்தால் ஜாக் அந்த ஆறு பிராங்குக்குப் புதிய சப்பாத்து வாங்கியிருப்பார், அல்லது ஒரு புத்தகம் வாங்கியிருப்பார். அப்போது கண்ணாடியும் இருந்திருக்கும், சப்பாத்தும் இருந்திருக்கும். இப்போது கண்ணாடி மட்டுமே இருக்கிறது. கதையில் மூன்று பேர் உண்டு. ஜாக் இழந்தவர். கண்ணாடிக்காரர் பெற்றவர். மூன்றாமவர் சப்பாத்துத் தைப்பவர். அவர் தமக்கு வரவேண்டிய ஆறு பிராங் வராமற் போனதைத் தாமே அறியார். அவர் முறையிட மாட்டார், ஊர்வலம் போக மாட்டார். அவருக்காக வேறொருவர்தான் பேசவேண்டும்.

இதே அளவுகோலைக் கொண்டு படைச் செலவு, அரசாங்க வேலைகள், இயந்திரங்கள், கடன், அல்ஜீரியக் குடியேற்றம் எனப் பலவற்றையும் அந்நூலில் அளந்தார். வணிக இடையாளர் பற்றிய பகுதி கிராமத்தவர் கவனிக்கத்தக்கது. 1847இல் பிரான்சில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இடையாளர் எல்லோரும் ஒட்டுண்ணிகள் என்று சிலர் கூறினர். பசித்த வயிறு பாரிசில் இருக்கிறது, கோதுமை ஒதெசாத் துறைமுகத்தில் இருக்கிறது. இரண்டையும் யாராவது சேர்த்துவைக்க வேண்டும். பசித்தவர் தாமே போகலாம், அரச உத்தியோகத்தரை அனுப்பலாம், வணிகரிடம் விடலாம். மூன்றுக்கும் செலவு உண்டு. எனவே, எந்த வழியில் செலவு குறைவு, யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்கவேண்டுமேயொழிய, இடையாளரை ஏசுவதால் கோதுமை வந்து சேராது என்பது அவர் கருத்து. இடையாளர் ஒருவர் மட்டுமே இருந்து, அவரை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில் இந்த வாதத்தின் வலு குறையும் என்பதை நாம் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாராளுமன்றத்தில்

1848 பெப்ரவரிப் புரட்சியில் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு ஏற்பட்டது. ஆண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். ஏப்பிரலில் லாந்து மாவட்ட மக்கள் பஸ்தியாவை அரசியலமைப்புச் சபைக்குத் தெரிவு செய்தனர். 1849இல் மீண்டும் தெரிவு செய்தனர். நிதிக் குழுவின் உபதலைவராகவும் அவர் பணியாற்றினார்.

கட்சிக் கண்ணாடியில் அவரை அடக்குவது கடினம். சமவுடைமைவாதிகளின் திட்டங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அவர்களின் தலைவர்களுள் ஒருவரான லூயி பிளாங் மீது வழக்குத் தொடரச் சபை முயன்றபோது அதற்கு எதிராக வாக்களித்தார். தொழிலாளர் கூட்டாக வேலையை நிறுத்துவதைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து 1849 நவம்பரில் பேசினார். ஒருவர் தனியாகச் செய்தால் குற்றமாகாத செயல், வன்முறையின்றிப் பலர் சேர்ந்து செய்யும்போது மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்று கேட்டார். அன்று அவர் தோற்றார். அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது 1864இல்தான். ஏழைகளை வாட்டிய உப்பு வரியைக் குறைக்க வேண்டும், தபாற் கட்டணத்தைக் குறைக்க வேண்டும், படைச் செலவைக் குறைக்க வேண்டும் என்றும் வாதாடினார். 1849இல் பாரிசில் கூடிய சமாதான மாநாட்டிலும் உரையாற்றினார்.

1850 யூனில் வெளியான ‘சட்டம்’ என்ற சிறு நூல் அவரது அரசியற் கருத்தைத் தருகிறது. ஒருவர் செய்தால் திருட்டு எனப்படும் செயலைச் சட்டம் ஒருவருக்காகச் செய்துகொடுக்கும்போது அதுவும் கொள்ளையே என்று அவர் வாதிட்டார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய அநீதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று அடிமை முறை, மற்றது சுங்கத் தீர்வை. இவை அந்நாட்டின் ஒற்றுமைக்கே ஆபத்தாகலாம் என்று எச்சரித்தார். 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது.

கிராமச் சங்கங்கள்

பஸ்தியா அரசின் கையைக் குறைக்கச் சொன்னவர். மனிதர் மனிதருக்கு உதவுவதைக் குறைக்கச் சொன்னவரல்லர். லாந்து மாவட்டத்தின் மிக வறிய கிராமங்களில் தொழிலாளரும் கைவினைஞரும் தாமாகவே பரஸ்பர உதவிச் சங்கங்களை அமைத்துக்கொண்டதை அவர் நேரிற் கண்டிருந்தார். ஒவ்வொருவரும் சிறு தொகை கட்டுவர். நோயுற்று வேலைக்குப் போக முடியாதவருக்கு அந்நிதியிலிருந்து உதவி கிடைக்கும்.

இச்சங்கங்களின் பலம் எதில் இருந்தது என்பதையும் அவர் கூர்ந்து கவனித்தார். நிதி தம்முடையது என்பதை ஒவ்வொரு அங்கத்தவரும் உணர்ந்திருந்தனர். நோய் என்று பொய் சொல்பவர் அயலவரின் காசைத்தான் எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒருவரையொருவர் கவனித்தனர், கணக்கைக் கேட்டனர். அரசு இவற்றையெல்லாம் ஒன்றாக்கித் தன் பொறுப்பில் எடுத்து வரிப்பணத்தையும் சேர்த்தால், நிதி எவருடையதும் அல்லாததாகிவிடும், ஏமாற்றுவது குற்றமாகவே தோன்றாது என்று அஞ்சினார். வெளியிலிருந்து வரும் பெரிய நிதி உள்ளூர்ச் சங்கத்தின் சிறிய நேர்மையைத் தின்றுவிடக்கூடும் என்ற இந்த எச்சரிக்கை, உதவி வழங்குவோர் எவரும் எண்ணிப்பார்க்க வேண்டியது.

அவர் காணாதவை

பஸ்தியாவின் கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்ப்பது நியாயம். 1848இல் வேலையற்றோருக்காகப் பாரிசில் தேசிய வேலைத்தலங்கள் திறக்கப்பட்டன. யூன் மாதமளவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றில் பதிந்திருந்தனர். வரி கட்டும் கிராமத்தவரின் பணம் பயனற்ற வேலையில் கரைகிறது என்று பஸ்தியா கூறினார். தெரியாதிருந்த கிராமத்தவருக்காகப் பேசியது சரியே. அவற்றைக் கலைக்கும்படியும் எழுதினார். ஆனால் வேலைத்தலங்களை அரசு திடீரென மூடத் தொடங்கியதும், மறுநாட் சாப்பாட்டுக்கு வழியற்றோர் தடையரண்கள் எழுப்பினர். யூன் 23 முதல் 26 வரை நடந்த சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒரு தவறான ஏற்பாட்டை நீக்கும்போது அதில் தங்கியிருந்தவர் எங்கே போவார் என்பதும் ‘தெரியாதது’ அல்லவா?

உடைந்த யன்னல் கதையிலும் ஒரு இடைவெளி உண்டு. ஜாக் அந்த ஆறு பிராங்கை எப்படியும் செலவழித்திருப்பார் என்பது அதன் எடுகோள். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தைக் கண்ட பொருளியலாளர், பணம் பெட்டியில் முடங்கியும் தொழிலாளர் வேலையின்றியும் கிடக்கும் காலங்களில் செலவு புதிய வேலையை உருவாக்கக்கூடும் என்று காட்டினர். எனினும் உடைந்த கண்ணாடி இழப்பே. யன்னலை உடைப்பதைவிட நல்ல வேலை எப்போதும் உண்டு.

அறிஞருலகிலும் அவர் பற்றிய மதிப்பீடு பலவாறானது. கார்ல் மார்க்ஸ் அவரை மேலோட்டமானவர் என்று ஒதுக்கினார். 20ஆம் நூற்றாண்டின் பொருளியல் வரலாற்றாளர் சும்பீட்டர், அவரை மிகச் சிறந்த பொருளியற் பத்திரிகையாளர் என்று ஏற்றுக்கொண்டு, கோட்பாட்டாளராக ஏற்க மறுத்தார். கோட்பாடு எழுதும் நோக்கத்துடன் அவர் தொடங்கிய பெரிய நூல் முற்றுப்பெறவில்லை என்பதும் உண்மை.

இறுதி நாட்கள்

கசநோய் அவரது தொண்டையைப் பற்றியது. பாராளுமன்றத்தில் அவரது குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை; ஆகவே சொல்ல வேண்டியதைச் சிறு நூல்களாக எழுதினார். 1850 இலையுதிர் காலத்தில் மருத்துவரின் ஆலோசனைப்படி இத்தாலிக்குச் சென்றார். முதலில் பீசா, பின்னர் உரோமாபுரி. விழுங்குவதும் பேசுவதும் வேதனையாயிருந்தபோதும், உடனிருந்த நண்பர் பையொத்தேயிடம் முடிக்காத நூலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். திருவருட்சாதனங்களைப் பெற்று, 1850 டிசம்பர் 24ஆம் திகதி காலமானார். உரோமாபுரியிலுள்ள பிரெஞ்சு மக்களின் புனித லூயி ஆலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. பத்தாண்டுகளின் பின், 1860இல், அவரது நண்பர் கொப்டன் பிரித்தானியாவின் சார்பில் பேச்சுவார்த்தை நடத்திய ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் இடையிலான தீர்வைகள் பெருமளவு குறைக்கப்பட்டன. பஸ்தியாவின் ஊரவரது வைனும் அதனால் எளிதாகக் கடல் கடந்தது.

பஸ்தியாவின் எல்லா முடிவுகளையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அவரது கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். ஒரு தீர்மானம் எடுக்கப்படும் அறையில் இல்லாதவர் யார், அவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்பவர் எளிதில் ஏமாறமாட்டார். பிறரை எளிதில் ஏமாற்றவும் மாட்டார்.

குழுக் கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உயர்ந்த சுங்கத் தீர்வைகளால் முக்ரோன் முந்திரிகைத் தோட்டக்காரர் எந்தெந்த வழிகளில் பாதிக்கப்பட்டனர்?

2. உடைந்த யன்னல் கதையில் வரும் மூன்றாமவர் யார்? அவர் ஏன் முறையிடுவதில்லை?

3. பத்திரிகைச் செய்தியைப் பஸ்தியா சரிபார்த்த முறையிலிருந்து நாம் கற்பது என்ன?

4. பரஸ்பர உதவிச் சங்கங்களின் பலம் எதிலிருந்து வந்தது என்று பஸ்தியா கருதினார்? நீங்கள் அங்கத்தவராயுள்ள சங்கத்தின் நிதியை அங்கத்தவர் தம்முடையது என உணர்கின்றனரா?

5. 1848இல் தேசிய வேலைத்தலங்களை மூடுவதற்கு முன் என்ன செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணுகிறீர்கள்?

6. உங்கள் சங்கம் அண்மையில் எடுத்த தீர்மானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘தெரிவது’, ‘தெரியாதது’ என்று இரண்டு நிரல்கள் போட்டு எழுதிப் பாருங்கள்.